கர்பா இல்லாத நவராத்திரி

அக்டோபர் 17, 2020, சனி

நவராத்திரி தொடங்கிவிட்டது, கொரோனாவால் கர்பா ஆட்டம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆரத்தியை முடித்துக்கொண்டு கலைந்துவிட வேண்டும் என்பது அரசு உத்தரவு. வழக்கமாக இந்த ஒன்பது நாளும் நள்ளிரவு வரை எங்கள் சொசைட்டியில் ஒலிபெருக்கி அலறும். பிறந்ததிலிருந்து அகமதாபாத் மணிநகரில் அதைக் கேட்டுத் திட்டியே பழகியவன் நான். இன்று எட்டரைக்கே தெரு அடங்கிவிட்டது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மாடி வீட்டு பா முகக்கவசத்தோடு இறங்கி வந்தார். எண்பதை நெருங்கும் படேல் வீட்டுப் பெரியம்மா. பேரன் ஒரு பென்டிரைவ் நிறையப் பழைய குஜராத்திப் படங்களை ஏற்றிக் கொடுத்திருக்கிறானாம். "எங்க வீட்டுப் பசங்க ஐ.பி.எல்.லை விட மாட்டேங்கறானுங்க. உன் டி.வி.யில போடு, தீக்ரா." எனக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் நான் தீக்ரா, மகன்தான்.

முதல் படம் 'ஜேசல் தோரல்'. 1971இல் ரவீந்திர தவே எடுத்தது. உபேந்திர திரிவேதியும் அனுபமாவும் நடித்தது. கட்ச்சையே நடுங்க வைத்த கொள்ளைக்காரன் ஜேசல் ஜாடேஜா. சான்சதியா என்ற காட்டி இனத் தலைவன் வீட்டில் பஜனை நடக்கும் இரவில், அவனுடைய பெண்குதிரையைத் திருட லாயத்துக்குள் நுழைகிறான். குதிரை மிரண்டு முளையைப் பிடுங்கிவிடுகிறது. ஜேசல் புல்லுக்குள் பதுங்குகிறான். குதிரைக்காரன் வந்து முளையைத் திரும்ப அடிக்கிறான். அது புல்லுக்கடியில் கிடக்கும் ஜேசலின் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு தரையில் இறங்குகிறது. ஜேசல் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் பஜனை முடிந்து பிரசாதம் பங்கிட்டால் ஒரு பங்கு மிஞ்சுகிறது. கணக்கில் இல்லாத ஆள் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று தேடுகிறார்கள்.

திருடன் அகப்படுவதற்குப் பிரசாதக் கணக்கு! எந்தத் திரைக்கதை ஆசிரியனும் உட்கார்ந்து யோசித்து இதைப் பிடிக்க முடியாது. ஊர் வாயில் நூற்றாண்டுக்கணக்கில் உருண்டால்தான் கதைக்கு இப்படி ஒரு வழவழப்பு வரும்.

சான்சதியாவின் மனைவி தோரலை அழைத்துக்கொண்டு ஜேசல் கிளம்பும் படகுக் காட்சி வந்ததும் பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கடல் கொந்தளிக்கிறது. செய்த பாவங்களை வாய்விட்டுச் சொல் என்கிறாள் தோரல். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அலை அடங்குகிறது. கடல் செட்டுக் கடல் என்பது பார்த்தாலே தெரிகிறது. உபேந்திர திரிவேதியின் குரல் மட்டும் செட்டு இல்லை. மேடையில் பழகிய குரல், கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து எழும்புவது. இன்றைய காதுக்கு அது கத்தல். ஆனால் ஒரு கொலைகாரன் குறைந்த குரலில் கிசுகிசுத்தால் கடல் அடங்குமா?

கட்ச்சில் அஞ்சார் ஊரில் இருவருக்கும் சமாதி இருக்கிறது. வருடத்துக்கு ஒன்று எள்ளளவும் மற்றது பார்லி மணியளவும் நகர்ந்து வருகின்றன, இரண்டும் தொட்டுக்கொண்டால் உலகம் முடியும் என்று நம்பிக்கை. 2001 பூகம்பத்தில் அஞ்சார் தரைமட்டமான பிறகு பா அங்கே போயிருக்கிறார். "சமாதி ரெண்டும் ஒட்டிக்கிச்சான்னு பார்த்தேன். இன்னும் இடம் இருந்துச்சு" என்றார், காலி பிளாட் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

அக்டோபர் 18, ஞாயிறு

குஜராத்திச் சினிமாவின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தித் திரையுலகைக் கட்டியவர்களில் குஜராத்திகளைக் கழித்துவிட்டால் பாதிக் கட்டடம் சரிந்துவிடும். ரஞ்சித் ஸ்டுடியோ சந்துலால் ஷா ஜாம்நகர்க்காரர். சாகர் மூவிடோன் சிமன்லால் தேசாய், பாலிதானாவிலிருந்து போன விஜய் பட், பிலிமோராவிலிருந்து போன மெஹபூப் கான் என்று பட்டியல் நீளும். பணம், ஸ்டுடியோ, இயக்குநர் எல்லாம் கையில் இருந்தும் சொந்த மொழிக்கு இவர்கள் கிள்ளித்தான் கொடுத்தார்கள். இந்திக்கு நாடு முழுக்கச் சந்தை, குஜராத்திக்கு ஒரு மூலை. வியாபாரம் தெரிந்தவர்கள்!

1932இல் முதல் பேசும் படம் 'நரசிங் மேத்தா'. நானுபாய் வகீல் இயக்கி, சாகர் மூவிடோன் எடுத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நம் வீடுகளுக்குள் வந்த 'வைஷ்ணவ ஜனதோ'வை எழுதிய அதே ஜூனாகட் பக்தரின் கதை. நாற்பதுகளின் கடைசியில் ஒரு சிறு அலை எழுந்தது. 'ராணக்தேவி' (1946) வழியாக வல்சாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அறிமுகமானார். 'குணசுந்தரி'யில் (1948) வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். அவர்தான் நிரூபா ராய், பின்னாளில் அமிதாப் பச்சனுக்கு நிரந்தர அம்மா. ஐம்பதுகளில் ஏறக்குறைய வறட்சி. 1960 மே முதல் தேதி குஜராத் தனி மாநிலம் ஆனது. அதற்குப் பின் சொந்த அரசு கேளிக்கை வரியில் கை வைத்துச் சலுகை தந்தபோதுதான் எழுபதுகளின் மழை கொட்டியது.

ரவீந்திர தவே அதற்கு முன் பம்பாயில் இந்தித் துப்பறியும் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே மவுசு குறைந்தபோது இங்கே வந்து, துப்பறிய ஒன்றுமே இல்லாத கதைகளில் கொடி நாட்டினார். கொலைகாரன் யார் என்று கடைசி ரீல் வரை மறைத்துப் பழகிய ஆள். கொள்ளைக்காரன் திருந்தப் போகிறான் என்று முதல் ரீலிலேயே அரங்கம் முழுக்கத் தெரிந்த கதையை ஆறு மாதம் ஓட்டிக் காட்டினார்.

அக்டோபர் 19, திங்கள்

'ஹோத்தல் பத்மிணி' (1974). ஜவேர்சந்த் மேகாணி ஊர் ஊராக அலைந்து தொகுத்த 'சௌராஷ்டிரானி ரஸ்தார்' கதைகளில் ஒன்று. ஹோத்தல் ஆண் வேடத்தில் திரியும் வீராங்கனை. ஓடோ ஜாம் அவளோடு தோளுக்குத் தோள் நின்று மாடு கவரப் போகிறான், ஆண் என்றே நினைத்துக்கொண்டு. பிறகு உண்மை தெரிந்து, காதலாகி, கல்யாணம். தான் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் போடும் ஒரே நிபந்தனை.

அவ்வளவுதான் வந்தது. கோப்பு அறுந்துவிட்டது. யாரோ பழைய வி.சி.டி.யிலிருந்து எடுத்தது போல. முகங்களெல்லாம் மஞ்சள் பூத்து, கீழே ஏதோ கம்பெனியின் முத்திரை ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நீலத்திரை. நான் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருக்க, பா பதறவே இல்லை. மிச்சத்தை உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். ஓடோ மதுமயக்கத்தில் உளறுவதும் ஹோத்தல் கிளம்பிப் போவதும், இடையிடையே ஈரடி துஹாக்களோடு. கை நீட்டுவதும் நிறுத்துவதும் டாயரோ என்னும் கதைப்பாட்டுக் கச்சேரியின் மேடைக்காரர்கள் செய்வது போலவே இருந்தது. எங்கள் வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். பார்க்க வந்தவருக்கு இயக்குநரை விட நன்றாகக் கதை தெரியும். அடுத்து என்ன என்று யாரும் நகம் கடிப்பதில்லை. நமக்குத் தெரிந்ததை இவன் எப்படிச் செய்கிறான் பார்ப்போம் என்று கால் நீட்டி உட்காருகிறார்கள். வள்ளி திருமணம் நாடகத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்த எங்கள் தாத்தா பாட்டிக்கு இது புரிந்திருக்கும்.

மாடு கவர்தல், மீட்டல், அதில் செத்தவனுக்குக் கல் நடுதல். சௌராஷ்டிரத்தில் எந்தக் கிராமத்து எல்லையிலும் பாளியாக் கற்கள் நிற்கும். குதிரைமேல் வீரன், மேலே சூரியனும் சந்திரனும். புறநானூற்று நடுகல்லைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நான் நேரில் பார்த்த முதல் வீரக்கல் இங்கேதான், ராஜ்கோட் சாலை ஓரத்தில். இந்த மண்ணிலிருந்து கிளம்பி மதுரையில் தறி போட்டவர்களும் இப்படி ஒரு கல்லைத் தாண்டித்தானே போயிருப்பார்கள்.

அக்டோபர் 20, செவ்வாய்

ரமேஷ் மேத்தா திரையில் நுழைந்தால் போதும், வாயைத் திறக்கும் முன்பே பா சிரித்துவிடுகிறார். "ஓ ஹோ ஹோ ஹோ" என்று அவர் இழுப்பது குஜராத் முழுக்கப் பிரசித்தம். மஞ்சரி தேசாயோடு அவர் அடிக்கும் கூத்துக்கும் மூலக்கதைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அந்தப்புரத்தில் ராணி தீக்குளிக்கத் தயாராகும்போது இங்கே கொல்லையில் இவர் மனைவியிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பார். நம் ஊர்ப் படங்களில் தனி டிராக்கில் ஓடிய கவுண்டமணி, செந்தில் கூத்து மாதிரிதான். இவர் நடித்ததோடு நிற்கவில்லை, பல படங்களுக்குக் கதை வசனமும் எழுதினார். தன் பங்கைத் தானே அளந்து போட்டுக்கொள்ளலாம்.

படம் சுமார். பெயரைக்கூட எழுதவில்லை.

அக்டோபர் 21, புதன்

இன்று நான் தேர்ந்தெடுத்தேன். 'கங்கு', 1969. காந்திலால் ராத்தோட் இயக்கியது. மூலக்கதை பன்னாலால் படேல்.

இதில் குதிரை இல்லை, வாள் இல்லை. கங்கு இளம் விதவை. ஒரு மகன், கொஞ்சம் நிலம், தீராத கடன். கடன் கொடுக்கும் வணிகர் மலக்சந்த் கெட்டவர் இல்லை. அதுதான் இந்தப் படத்தின் பலம். இந்தியச் சினிமாவில் வட்டிக்கடைக்காரன் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு வயலையோ பெண்ணையோ கேட்பான். இவர் கணக்கு நோட்டுக்குப் பின்னால் அமர்ந்து வருடக்கணக்கில் அவளுக்கு மரியாதையாகக் கடன் கொடுக்கிறார். அவளும் கண்ணியமாகத் திருப்பிக் கட்டுகிறாள். மகனுக்குக் கல்யாணம் செய்யும் வயதில், சாமான் வாங்கப் போன இடத்தில், இருவரும் ஒருமுறை தடுமாறுகிறார்கள். மகனுக்குக் கல்யாணம் நடக்கிற வீட்டில் தாய் கர்ப்பம். ஊர் சும்மா இருக்குமா?

பல்லவி மேத்தாவுக்குச் சிகாகோ திரைப்பட விழாவில் நடிகை விருது கிடைத்தது. தேசிய விருதும் படத்துக்கு வந்தது. விருதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பெண் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். நாயகி என்ற நினைப்பே இல்லாமல், தலைச்சுமை இல்லாதபோதும் தலைச்சுமைக்காரியின் கழுத்தோடு நடக்கிறார்.

பாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்ல படம்தான். ஆனா இதைப் பார்க்க எதுக்கு சினிமா? எங்க ஊர்ல இப்படி மூணு பேரை எனக்குத் தெரியும்" என்றார். மூவரில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, என் மனைவி காபியோடு வந்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கோ இது இத்தனை படங்களிலும் தலையாயது. பாவோடு வாதாடிப் பயனில்லை. அவர் படம் பார்க்க வருவது ஊரிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிப் போக. நானோ ஊரைப் பார்க்கப் படத்துக்குப் போகிறவன், ஊரே இல்லாதவனாகையால்.

அக்டோபர் 22, வியாழன்

படம் போடவில்லை, பாட்டு மட்டும். கீழே ஆரத்தி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு பாவும் என் மனைவியும் எங்கள் கூடத்து மேசையை ஓரம் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு சுற்றாகக் கைதட்டிச் சுற்றினார்கள். அரசாங்க உத்தரவு கூடம் வரைக்கும் வராது.

எல்லாம் அவினாஷ் வியாஸ். பாட்டும் அவரே எழுதுவார், மெட்டும் அவரே போடுவார். 1949இல் 'மங்கள் ஃபேரா'வில் கீதா ராய் (கீதா தத் ஆகும் முன்) பாடிய பொம்மைப் பாட்டு முதல், 1960இல் 'மேந்தி ரங் லாக்யோ'வில் லதாவும் மன்னா டேயும் பாடியவை வரை, அறுபது எழுபது வருடமாக அழியாமல் நிற்கிறது. அம்பாஜி மேல் அபார பக்தி உள்ளவர். அவர் போட்ட கர்பாக்களை இன்று கோயிலில் ஆடுகிற பெண்களிடம் போய் இது சினிமாக்காரர் எழுதியது என்றால் அடிக்க வருவார்கள், பாட்டியிடமிருந்து வந்தது என்பார்கள். நாட்டுப்பாட்டை அவர் எடுத்துச் சினிமாவுக்குக் கொடுத்தார், சினிமாப் பாட்டை ஊர் எடுத்து நாட்டுப்பாட்டாக்கிக்கொண்டது. இப்போது எது எதிலிருந்து என்று பிரிக்கப் போனால் பொழுதுதான் போகும்.

நம் வாணி ஜெயராம்கூடக் குஜராத்தியில் பாடி மாநில விருது வாங்கியிருக்கிறார். இதைச் சொன்னதும் பா, "அதான் பார்த்தேன், அந்தப் பொண்ணு சுத்தமா உச்சரிக்குதேன்னு" என்றார். குஜராத்திகளைவிட மதராஸிகள் குஜராத்தியைச் சுத்தமாகப் பேசுவார்கள் என்பது அவர் கொள்கை. என் உச்சரிப்புக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

அக்டோபர் 24, சனி

'பவனி பவாய்', 1980. கேதன் மேத்தாவின் முதல் படம். நசீருதீன் ஷா, ஸ்மிதா பாட்டில், ஓம் புரி, மோகன் கோகலே, தீனா பாடக். பவாய் என்பது இங்கத்துத் தெருக்கூத்து. அதன் ஆதி குரு அசைத் தாகர், ஒரு பெண்ணைக் காப்பாற்ற அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டதற்காகப் பிராமணச் சாதியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர் என்பது வழிவழிக் கதை. கலையின் பிறப்பிலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது.

ராஜாவின் மகனைப் பிறந்ததுமே கொல்ல உத்தரவு. ஆற்றோடு போன குழந்தையைத் தீண்டத்தகாதவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். ராஜா வெட்டிய படிக்கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைப் பலி கொடுத்தால் ஊறும் என்கிறான் ஜோசியன். லட்சணம் பொருந்தியவன் அந்த வளர்ப்புப் பிள்ளை. அவன் பேரம் பேசுகிறான். என் உயிர் வேண்டுமா, எங்கள் ஆட்கள் முதுகில் துடைப்பம் கட்டிக்கொண்டு தங்கள் கால்தடத்தைத் தாங்களே அழித்து நடக்கிற விதியை எடு. கிழவர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார், அவரே வீடு கொளுத்தப்பட்டு நடுராத்திரியில் ஊரைவிட்டுப் போகிற கூட்டத்தோடு. கதைக்கு ஒரு மங்கள முடிவு சொல்கிறார். பிறகு அது பொய் என்று இன்னொன்று காட்டப்படுகிறது.

ஒரு வாரமாகத் தலைப்பாகையும் கேடியு சட்டையும் வாளுமாகப் பார்த்த கண்ணுக்கு இது பளாரென்று ஓர் அறை. அதே உடை, அதே மொழி, அதே ராஜா. கிணறு வெட்டியது யார் என்ற கேள்வியை அந்தப் படங்கள் கேட்டதே இல்லை. பாட்டன் நகரில் இதற்கு வேரான ஒரு கதை உண்டு. சித்தராஜன் வெட்டிய சகஸ்ரலிங்க ஏரியில் நீர் நிற்க உயிர் கொடுத்த மாயோ என்ற நெசவாளியின் கதை. அவரை வீரர் என்று கும்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பா பாதியில் எழுந்து போகவில்லை. முடிந்ததும், "இவனுங்க எல்லாம் நல்லாப் படிச்ச பசங்க, இல்ல?" என்றார். புகழ்ச்சியா குறையா என்று தெரியவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு. தசரா

காலையில் ஃபாஃப்டா ஜிலேபிக்கு வரிசை. கொரோனாவாவது ஒன்றாவது, ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பொட்டலத்தோடு திரும்பும்போது செய்தி வந்தது. மகேஷ் கனோடியா காலமானார், காந்திநகர் வீட்டில்.

மகேஷ், நரேஷ் அண்ணன் தம்பிகள். மேசானா பக்கம் கனோடா கிராமம், ஆலைத் தொழிலாளி குடும்பம், தலித்துகள். ஊர்ப் பெயரைத்தான் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். மேடைக் கச்சேரி 'மகேஷ் நரேஷ் பார்ட்டி' என்றால் வட குஜராத் கிராமம் கிராமமாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வரும். மகேஷ் பல பாடகர்களின் குரலில் பாடுவார். ஆண் குரல், பெண் குரல் இரண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லதா. நரேஷ் ஜானி வாக்கரைப் போல் செய்து காட்டி 'ஜானி ஜூனியர்' என்று பெயர் வாங்கினார். பின்னால் வெளிநாடுகளிலும் கச்சேரி நடந்தது. மகேஷ் படங்களுக்கு இசையமைத்தார், பாட்டன் தொகுதியிலிருந்து பலமுறை நாடாளுமன்றத்துக்கும் போனார்.

எங்கள் அப்பாவும் ஆலைக்காரர்தான், சேலத்துப் பக்கமிருந்து நூற்பு வேலைக்கு வந்தவர். அவர் சட்டையிலிருந்து உதிரும் பஞ்சு எங்கள் தட்டில்கூட இருக்கும். ஷிப்டு முடிந்து கனோடியா பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வரும் வட குஜராத்துக் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்வார். எண்பதுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தச் சீட்டி அடித்த ஆட்கள் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள்.

அக்டோபர் 27, செவ்வாய்

நரேஷ் கனோடியாவும் போய்விட்டார். அண்ணன் போய் இரண்டே நாள். கொரோனா. எழுபத்தேழு வயது.

பா காலையிலேயே இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். பேசவில்லை. டி.வி.யில் 'ஜோடே ரஹேஜோ ராஜ்' பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

நகரத்துப் படித்த குஜராத்திகள் நரேஷைக் கிண்டல் செய்வார்கள். பளபள சட்டை, நெற்றியில் புரளும் முடி, ஐம்பது வயதில் இருபது வயதுக் காதலன். கல்லூரியில் எங்கள் கும்பலுக்கும் இவர் பெயர் ஒரு நகைச்சுவை. நாடகம், அதுவும் பம்பாய் நாடகம் பார்ப்பதுதான் கௌரவம். குஜராத்திப் படம் என்றால் ஆட்டோக்காரரும் கூலிக்காரரும் பார்ப்பது. அவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் 1970இல் 'வேலீனே ஆவ்யா பூல்' தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் அவரால் நாயகனாக நிற்க முடிந்தது.

எனக்கு இன்று வேறொன்று தோன்றுகிறது. அவர் போட்ட வேடங்களை எண்ணிப் பாருங்கள். இளவரசன், குதிரைவீரன், தலைப்பாகையும் வாளுமாக மணமகன். இந்த பிப்ரவரியில்தான் பனாஸ்காண்டாவில் ஒரு தலித் ராணுவ வீரரின் கல்யாண ஊர்வலத்தின் மீது கல் விழுந்தது. மாப்பிள்ளை குதிரையில் ஏறிவிட்டார் என்று. போலீஸ் காவலோடு ஊர்வலம் போயும் கல் விழுந்தது. அந்த வட குஜராத்தில்தான் கனோடாவும் இருக்கிறது. அங்கே பிறந்தவர் வெள்ளித்திரையில் குதிரையேறி வரும்போது, எந்தச் சாதி குதிரையை மறித்ததோ அந்தச் சாதி வீட்டுப் பெண்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். 'பவனி பவாய்' வாதாடிக் கேட்டதை இந்த மனிதர் வாதாடாமல் செய்துகொண்டிருந்தார். மாலை போட்டவர்கள் அதைக் கவனித்தார்களா என்பது வேறு. கவனிக்காததால்தான் நடந்தது என்றும் தோன்றுகிறது.

மத்தியானம் பா தானாகச் சொன்னார். மாமியார் வீட்டில் நெசவாளத் தெரு ஆட்களுக்குத் தனி டம்ளர், கொல்லையில் கவிழ்த்து வைத்திருப்பார்களாம். அதே வீட்டின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நரேஷ் படம் போட்ட காலண்டர். "என் நாத்தனார் ஒட்டினது. மாமியாரும் கிழிக்கல. அவருக்கும் பிடிக்கும்."

டம்ளர் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார்.

அக்டோபர் 28, புதன்

'டோலா மாரு', 1983. மெஹுல் குமார் இயக்கம், நரேஷும் ஸ்னேஹலதாவும். குழந்தைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்த இளவரசனும் இளவரசியும் பெரியவர்களாகித் தேடிச் சேரும் பாலைவனக் கதை. ராஜஸ்தான் சொத்து, குஜராத்துக்கும் பங்கு உண்டு.

கறாராகச் சொன்னால் நல்ல படம் இல்லை. சண்டை நீளம், அழுகை அதைவிட நீளம். ஆனால் ஸ்னேஹலதா அருகில் நிற்கும்போது நரேஷ் நிற்கிற விதம் ஒன்று இருக்கிறது, ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி, மேடையில் அண்ணன் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று பழகிய தோள். உபேந்திர திரிவேதி நின்றால் தூண். இவர் நின்றால் இப்போது ஆடப் போகிறார் என்று தெரியும். ராஜா வேடத்தில் இருக்கும்போதும் அந்த ஆட்டக்காரன் உள்ளே காத்துக்கொண்டிருப்பான். கிராமத்துப் பெண்கள் அவனைத்தான் பார்க்கப் போனார்கள். ராஜாக்களை அவர்கள் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

பா இன்று கதை சொல்லவில்லை, இரண்டு முறை கண்ணைத் துடைத்தார்.

அக்டோபர் 31, சனி

நேற்று சரத் பூனம். மொட்டைமாடியில் நிலாவில் வைத்த பால் அவல்.

பாவின் பேரன் வந்திருந்தான், சினிமா படிக்கிற பையன். 2019இல் தேசிய அளவில் சிறந்த படத்துக்கான விருது வாங்கிய 'ஹெல்லாரோ'வைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். குஜராத்திக்கு அந்த விருது கிடைப்பது அதுவே முதல்முறை. கட்ச் கிராமத்தில் கர்பா ஆடத் தடை விதிக்கப்பட்ட பெண்கள், பாலையில் ஒரு டோல்காரனைக் கண்டு ரகசியமாக ஆடும் கதை. எனக்கும் பிடித்த படம். "இப்பத்தான் அங்கிள் எங்க சினிமா பொறந்திருக்கு" என்றான்.

அதைத்தான் ஏற்க முடியவில்லை. பழசில் குப்பை ஏராளம் என்பது சரி. வரிச்சலுகை இருக்கிறது என்று பம்பாயிலிருந்து வந்தவர்கள் ஒரே அரண்மனை செட்டில் பல படங்கள் சுட்டுத் தள்ளினார்கள். எண்பதுகளின் கடைசியில் பார்த்த முகமே, பார்த்த தலைப்பாகையே. தீக்குளிக்கும் ராணிகளைத் தெய்வமாக்கிய படங்களை இன்று என்னால் முழுதாக உட்கார்ந்து பார்க்க முடியாது. அதற்கு நடுவிலும் 1998இல் 'தேஷ் ரே ஜோயா தாதா பர்தேஷ் ஜோயா' வந்தபோது டிராக்டரில் ஏறிக் குடும்பம் குடும்பமாக வந்தார்களே, அவர்கள் யார்? அதில் தாத்தாவாக நடித்த அரவிந்த் திரிவேதியை இந்த ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராவணனாகப் பார்த்து நாடே மறுபடி பேசியது. உபேந்திராவின் தம்பி. இங்கே கிராமத்து டூரிங் கொட்டகை வரை தெரிந்த முகம் அது. நீ பொறந்தது என்று சொல்கிற சினிமாவுக்கு இத்தனை பேர் பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள் என்றேன். பையன் சிரித்தான், ஒப்புக்கொள்ளவில்லை. பா இருவருக்கும் இன்னொரு கிண்ணம் பால் அவல் வைத்தார்.

நவம்பர் 20, வெள்ளி

தீபாவளிக் கூட்டத்தின் பலன். இன்று இரவு ஒன்பது முதல் திங்கள் காலை வரை நகரம் முழுக்க ஊரடங்கு. மாலையில் பால் பாக்கெட்டுக்கு அடிதடி.

பா ஏழு மணிக்கே பென்டிரைவோடு வந்துவிட்டார். இரண்டு நாளுக்கு எது எது என்று என்னிடம் பட்டியல் கேட்டார். உபேந்திர திரிவேதி தானே இயக்கிய 'மான்வீனி பவாய்' (1993) முதலில் என்றேன். பன்னாலால் படேலின் நாவல், சம்வத் 1956 பஞ்சம். பா முகம் சுளித்தார். பஞ்சத்தை அவர் மாமனார் சொல்லக் கேட்டதே போதுமாம். அதற்குப் பிறகு 'மேரு மாலண்', நரேஷ் படம், 1985. சரி, முதலில் மேரு மாலண், ஞாயிற்றுக்கிழமை பஞ்சம் என்று பேரம் படிந்தது. ரமேஷ் மேத்தா வரும் இடங்களை ஓட்டிவிடக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை.